கடைசி வண்டியின் குரல் கேட்கிறதா?

“மாமா, பின்னாடிதானே வர்றீங்க?”

பதில் இல்லை. ‘கர்ர்ர்’ என்ற இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கேட்டேன். மறுபடியும் இரைச்சல்தான்.

கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1982-இல் திறக்கப்பட்ட மலைப்பாதை. இரண்டு பக்கமும் காடு. ‘யானைகள் கடக்கும் இடம்’ என்று எச்சரிக்கும் பலகைகள். கைத்தொலைபேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து, பல இடங்களில் ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் குடும்பமாகக் கோத்தா பாரு போக முடிவு செய்தபோது மூன்று வண்டிகளிலும் சிபி வானொலி வைத்துக்கொண்டோம். முன்னால் அத்தானின் வண்டி, நடுவில் என் சிறிய கார், கடைசியில் மாமாவின் பழைய பிக்கப். அந்தக் கடைசி வண்டியில்தான் அத்தையும் என் அம்மாவும் இருந்தார்கள்.

தித்திவங்சா ஓய்வுப் பகுதியில் நிறுத்திக் காத்திருந்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி நேரம். பிக்கப் வரவில்லை. மழை தூறத் தொடங்கி, மூடுபனியும் இறங்கியது. அத்தான் வண்டியைத் திருப்பினார். பதினான்கு கிலோமீட்டர் பின்னால், ஒரு வளைவில் டயர் பஞ்சராகி மாமா நின்றுகொண்டிருந்தார். ஜாக்கி ஈர மண்ணில் புதைந்து வழுக்கிக்கொண்டிருந்தது. நீரிழிவு உள்ள அம்மா, சாப்பிடும் நேரம் தாண்டி, வெறும் பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக் கூடை என் காரில்!

“எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? ஒருத்தருக்கும் கேட்கலையா?” என்றார் மாமா.

அன்றைக்குப் பெரிய ஆபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் தினமும் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து யாரென்றே தெரியாத பல்லாயிரம் பேரிடம் பேசுகிற எனக்கு, பின்னால் வந்த அம்மாவின் குரல் கேட்கவில்லை என்பது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. வீடு திரும்பியதும் காரணத்தைத் தேடினேன். கிடைத்த பதில் எளிமையானது. வண்டியில் வானொலி பொருத்தியிருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

சிபி என்றால் என்ன?

‘சிட்டிசன்ஸ் பேண்ட்’ என்பதன் சுருக்கம்தான் சிபி. பொதுமக்கள் தேர்வு எழுதாமல், தனி உரிமம் வாங்காமல் குறுகிய தூரம் பேசிக்கொள்ள ஒதுக்கப்பட்ட அலைவரிசை. அமெரிக்காவில் 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸில் இது தொடங்கியது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எந்த நிலையத்தில் டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்று லோரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இதைத்தான் பயன்படுத்தினார்கள். அதன்பிறகு சிபி அந்த நாட்டையே பிடித்துக்கொண்டது. 23 சேனல்கள் போதாமல் 1977-இல் 40 ஆக்கினார்கள்.

நம் நாட்டில் இன்று வாகன அணிகளில் அதிகம் புழங்குவது 477 மெகாஹெர்ட்ஸ். 39 சேனல்கள், அதிகபட்சம் 5 வாட். காட்டுப் பாதையில் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் போகிறவர்களும் குடும்பமாக அணிவகுத்துப் போகிறவர்களும் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைத்தான். தனி உரிமம் வேண்டியதில்லை என்றாலும், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். கருவி சான்றிதழ் பெற்றதாகவும் இருக்க வேண்டும்.

மாமாவின் பிக்கப்பில் இருந்தது புத்தம் புதிய 5 வாட் கருவி. அத்தானிடம் இருந்ததும் அதே 5 வாட்தான். பிறகு ஏன் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கவில்லை?

கருவியில் குறை இல்லை

எங்கள் நிலையத்தில் ஒலிபரப்புத் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி கருவியைப் பற்றியது அல்ல.

“ஆண்டெனா எதுமேல நிக்குது?”

“பின்னாடி கூண்டு மேல அண்ணே.”

“கூண்டு இரும்பா, ஃபைபரா?”

ஃபைபர் கிளாஸ். பிக்கப்பின் பின்பகுதியை மூடும் அந்தக் கூண்டின் மேலே, சாமான் கட்டுவதற்கு இரண்டு அலுமினியக் கம்பிகள் உண்டு. பொருத்திக் கொடுத்த கடைக்காரர் அதில் ஒரு கம்பியில் கொக்கி போட்டு, ஒரு சாண் நீளக் கம்பி ஆண்டெனாவை நிறுத்தியிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வண்டியின் மிக உயரமான இடமும் அதுதான்.

அண்ணன் சிரித்தார். “உயரத்துல நிக்க வச்சிட்டாங்க. ஆனா நிக்கத் தரை குடுக்கலையே!”

பாதி ஆண்டெனா, மீதி எங்கே?

வண்டிகளில் நாம் பார்க்கும் அந்தக் கம்பி, உண்மையில் பாதி ஆண்டெனாதான்.

முழுமையான எளிய ஆண்டெனாவுக்கு இரண்டு கைகள் உண்டு. கால் அலைநீளம் ஒரு பக்கம், கால் அலைநீளம் மறுபக்கம். மின்னோட்டம் ஒரு கையில் ஏறும்போது அதற்கு ஈடாக மறு கையிலும் ஓட வேண்டும். வண்டியில் மேல் கை மட்டும்தான் இருக்கிறது. கீழ்க் கைக்குப் பதிலாக நிற்பது, கம்பியின் அடியில் பரந்திருக்கும் உலோகப் பரப்பு. கூரை, பானட், வண்டியின் உடல் எல்லாமே அதில் அடங்கும். இதைத்தான் ‘கிரவுண்ட் பிளேன்’ என்கிறார்கள். நாம் தரைத்தளம் என்று சொல்லலாம்.

பாதிக் கோலத்தைப் போட்டு, அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்திப் பாருங்கள். முழுக் கோலம் தெரியும். கண்ணாடியை எடுத்துவிட்டால் பாதிதான் மிஞ்சும். ஆண்டெனாவுக்கு அடியில் உள்ள உலோகம் அந்தக் கண்ணாடியின் வேலையைச் செய்கிறது. ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வானொலி அலைக்கு அங்கே கண்ணாடியே இல்லை.

தரைத்தளம் இல்லாதபோது மின்னோட்டம் சும்மா இருக்காது. கிடைத்த வழியில் போகும். கேபிளின் வெளிப்புறப் பின்னல் வழியாக வண்டிக்குள்ளேயே திரும்பி வரும். சக்தியில் ஒரு பகுதி கருவிக்கே திரும்பிவிடும். மிஞ்சியது மட்டும் எப்படியோ, எந்தத் திசையிலோ வெளியேறும். அனுப்புவதில் உள்ள அதே குறை கேட்பதிலும் இருக்கும். மாமா கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை, நாங்கள் கூப்பிட்டதும் அவருக்குக் கேட்கவில்லை. காரணம் இதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1895-இல் இத்தாலியில் மார்க்கோனி தன் கருவியின் ஒரு முனையை உயரத்தில் நிறுத்தி, மறு முனையை மண்ணோடு இணைத்தபோதுதான் தூரம் சட்டென்று கூடியது. 1937-இல் அமெரிக்கப் பொறியாளர்களான பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் மண்ணில் எத்தனை கம்பி புதைத்தால் எவ்வளவு பயன் என்று அளந்து வெளியிட்டார்கள். அதன் விளைவாக, அமெரிக்காவில் மத்திய அலை வானொலிக் கோபுரங்களைச் சுற்றி 120 செம்புக் கம்பிகளைச் சக்கரத்தின் ஆரங்கள்போல் புதைப்பது வழக்கமாயிற்று.

“கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பாங்க. மண்ணுக்குள்ள கிடக்கிற செம்பை யாரு பார்க்கிறா?” என்றார் அண்ணன்.

எவ்வளவு பெரிய தரை வேண்டும்?

பள்ளியில் படித்த கணக்குதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 477 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 63 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். கம்பியின் நீளமும் அதுதான். அடியில் ஒவ்வொரு பக்கமும் இருக்க வேண்டிய உலோகத்தின் அளவும் குறைந்தது அதுதான். அதாவது 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டு போதும். மைவி காரின் கூரை இதைப்போல் பல மடங்கு பெரியது.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே அலைநீளம் 11 மீட்டர், கால் பங்கு ஏறக்குறைய 2.7 மீட்டர். அவ்வளவு நீளக் கம்பியை வண்டியில் நிறுத்துவது கடினம். அதனால் நடுவில் சுருள் வைத்துக் குட்டையாக்கிய கம்பியைத்தான் பெரும்பாலோர் பொருத்துகிறார்கள். எல்லாத் திசையிலும் 2.7 மீட்டர் உலோகம் எந்தக் காரிலும் இல்லை. எனவே வண்டியின் உடல் முழுவதும் சேர்ந்தால்கூட அந்த அலைவரிசைக்குத் தரை கொஞ்சம் போதாததுதான். இருக்கிற ஒவ்வொரு துண்டு உலோகத்தையும் ஒன்றாக இணைப்பது அங்கே மிக முக்கியம்.

இன்னொரு செய்தி: உலோகம் அதிகமாக இருக்கும் பக்கம்தான் குரல் அதிகம் போகும். ஆண்டெனா பின்பக்க இடது மூலையில் இருந்தால், முன்பக்க வலது திசையில் வீச்சு கூடுதல், மற்றத் திசைகளில் குறைவு. கூரையின் நடுவில் வைத்தால் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமம். இடம் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். எப்போதும் கடைசியாக வரும் வண்டிக்கு முன்பக்கம் முக்கியம். வழிகாட்டும் வண்டிக்குப் பின்பக்கம் முக்கியம்.

கேக் தட்டுச் சோதனை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஈப்போவில் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு மல்டிமீட்டர், 477-க்கு ஏற்ற ஒரு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், ஒரு காந்த அடி.

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது, கருவி அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவில் மோதித் திரும்பி வருகிறது என்று காட்டும் எண். 1.5 என்றால் 4 விழுக்காடு திரும்புகிறது. 2 என்றால் 11 விழுக்காடு. 3 என்றால் 25 விழுக்காடு. 3-க்கு மேல் போனால் தொடர்ந்து பேசுவது கருவிக்கே கெடுதல்.

மாமாவின் வண்டியில் மீட்டர் 3.2 காட்டியது. அண்ணன் கேபிளைக் கையால் பிடித்தார். எண் மாறியது. விட்டார், மறுபடி மாறியது. “பார்த்தியா? கேபிளைத் தொட்டா எண் மாறக் கூடாது. மாறினா, கேபிளே தரையா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

பிறகு அத்தையிடம் திரும்பி, “கேக் சுடுற தட்டு இருக்காக்கா? காந்தம் ஒட்டுற மாதிரி?” என்றார்.

அத்தை சந்தேகத்தோடு பழைய அவனிலிருந்து கறுப்புத் தட்டு ஒன்றை எடுத்து வந்தார். நாற்பதுக்கு முப்பத்தைந்து சென்டிமீட்டர் இருக்கும். அதைக் கவிழ்த்துக் கூண்டின் மேல் வைத்து, நடுவில் காந்த அடியை ஒட்டி, அதே கம்பியை அதில் மாட்டினார். கருவியும் கம்பியும் மாறவில்லை. அடியில் தரை மட்டும் வந்தது.

மீட்டர் 1.6 காட்டியது.

சோதித்துப் பார்க்க நான் என் காரில் கிளம்பினேன். முதலில் பழைய இடத்தில் ஆண்டெனா இருக்க, வீட்டிலிருந்து எழுநூறு மீட்டர் தூரத்துப் பள்ளிவாசலைத் தாண்டியதும் மாமாவின் குரல் உடைந்துவிட்டது. தட்டின் மேல் வைத்த பிறகு இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள சமிக்ஞை விளக்கு வரை தெளிவாகக் கேட்டது. கடைசியாகத் தட்டை எடுத்துவிட்டு, காந்த அடியை ஓட்டுநர் கூரையின் நடுவில் வைத்தோம். மீட்டர் 1.4. குரல் மூன்று கிலோமீட்டருக்கு மேலும் வந்தது.

கூண்டைவிடக் கூரை கொஞ்சம் தாழ்வு. இருந்தும் அதுதான் வென்றது. காந்த அடிக்கு ஆன செலவு 60 ரிங்கிட்டுக்குள். அதற்கு முந்தைய வாரம் மாமா இன்னும் பெரிய ஆண்டெனா வாங்க முந்நூறு ரிங்கிட் எடுத்து வைத்திருந்தார்!

“எர்த் கம்பி போட்டா ஆகாதா?”

மாமா கேட்ட இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பார்கள். ஆண்டெனா கொக்கியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துப் பேட்டரியின் எதிர்முனையில் கட்டிவிட்டால் போதாதா?

477-இல் போதாது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் இணைப்பு இருப்பதாகத்தான் காட்டும். அது பேட்டரி மின்சாரத்துக்கு உண்மை. வானொலி அலைக்கு அந்த நீளக் கம்பி தரை ஆகாது. 16 சென்டிமீட்டர் கம்பியே ஓர் ஆண்டெனாவாக இருக்கும் அலைவரிசையில், ஒரு மீட்டர் எர்த் கம்பி இன்னொரு ஆண்டெனாவாகத்தான் நடந்துகொள்ளும். உலோகம் ஆண்டெனாவின் காலடியிலேயே இருக்க வேண்டும்.

27 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இதற்கு ஓரளவு பயன் உண்டு. அங்கேயும் ஒல்லியான கம்பி வேண்டாம். தட்டையான, அகலமான செம்புப் பின்னல் பட்டையைக் கூடுமானவரை குட்டையாகப் போட வேண்டும். பிக்கப் வண்டிகளில் ஓட்டுநர் அறையும் பின் தொட்டியும் சட்டத்தின் மேல் ரப்பர் வைத்துத்தான் அமர்ந்திருக்கின்றன. கதவும் பானட்டும் கீல்களில் தொங்குகின்றன. கீலில் மசகும் துருவும் இருக்கும். ஆகவே தொட்டியிலிருந்து சட்டத்துக்கு, பானட்டிலிருந்து உடலுக்கு, கண்ணாடித் தாங்கியில் ஆண்டெனா வைத்திருந்தால் கதவிலிருந்து உடலுக்கு என்று பட்டை போட்டு இணைத்தால், பிரிந்து கிடக்கும் உலோகமெல்லாம் ஒரே தரையாகும். இயந்திரத்தின் இரைச்சல் குறையவும் இது உதவும்.

கொக்கி உட்காரும் இடத்தில் வண்ணப்பூச்சு இருந்தால் இணைப்பு கிடைக்காது. சிறிய வட்டம் சுரண்டி, வெறும் உலோகத்தின் மேல் கொக்கியை இறுக்க வேண்டும். நம் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் சுரண்டிய இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். இறுக்கிய பிறகு சுற்றிலும் கிரீஸ் தடவுங்கள், அல்லது மேலே வண்ணம் பூசுங்கள். காந்த அடிக்குச் சுரண்டல் தேவையில்லை. மெல்லிய வண்ணப்பூச்சைத் தாண்டி அலை உலோகத்தோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் அலுமினியக் கூரையிலும் கண்ணாடிக் கூரையிலும் காந்தம் ஒட்டாது என்பதை மறக்க வேண்டாம்.

கூரையில் வைக்கவே முடியாவிட்டால்?

கூரை முழுக்கச் சாமான், அல்லது வண்டியின் உடலே ஃபைபர் என்றால் இரண்டு வழி உண்டு.

ஒன்று, தரையை நாமே செய்வது. நாற்பது சென்டிமீட்டர் சதுர உலோகத் தகட்டை ஃபைபர் கூண்டின் உட்புறம் ஒட்டி, ஆண்டெனாவின் அடியை அதோடு இறுகப் பொருத்தலாம். வெளியே தெரியாது. 477-க்கு இது போதும்.

இரண்டு, தரைத்தளம் தேவைப்படாத வகை ஆண்டெனா வாங்குவது. அரை அலைநீள வகைகளும், முன்பக்க இரும்புத் தடுப்பில் நிறுத்தும் உயரமான வகைகளும் உண்டு. மறு பாதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும்படி அவை அமைக்கப்பட்டவை. 27 மெகாஹெர்ட்ஸிலும் இத்தகையவை கேபிளோடு சேர்த்தே கிடைக்கின்றன. அந்தக் கேபிளை வெட்டக் கூடாது. வாங்கும்போது, “இதுக்குத் தரைத்தளம் வேணுமா, வேணாமா?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

6 டெசிபல், 9 டெசிபல் என்று பெரிய எண் எழுதிய ஆண்டெனாதான் சிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். சப்பாத்தி மாவு உருண்டையை அழுத்தத் தட்டையாகிப் பரவும். ஆனால் மாவு கூடுவதில்லை, உயரம்தான் குறைகிறது. அதுபோல அதிக எண் உள்ள ஆண்டெனா அலையைத் தட்டையாக்கித் தொலைவுக்கு அனுப்பும். சமவெளி நெடுஞ்சாலையில் நல்லது. ஒரு வண்டி மேட்டிலும் ஒரு வண்டி பள்ளத்திலும் இருக்கும் மலைப்பாதையில், அந்தத் தட்டையான அலை தலைக்கு மேலேயோ காலுக்குக் கீழேயோ போய்விடலாம். கேமரன் மலைக்கும் கிரிக்குக்கும் குட்டைக் கம்பியே பல நேரங்களில் கைகொடுக்கும்.

கேபிளும் தின்னும்

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆர்ஜி-58 கேபிளை ஐந்து மீட்டர் போட்டால், 477-இல் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கேபிளிலேயே வெப்பமாகிவிடும். மிச்ச நீளத்தைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணிக்காமல், தேவையான அளவு மட்டும் போடுங்கள்.

இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. மோசமான கேபிள், திரும்பி வரும் சக்தியையும் வழியிலேயே தின்றுவிடும். மீட்டருக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். அதனால் எண் 1.3, 1.2 என்று அழகாகக் காட்டும், குரல் மட்டும் போகாது. மீட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கூரை நடுவில் உள்ள நல்ல கால் அலைக் கம்பிகூட 1.4 அளவில்தான் காட்டும். அதை 1.0 ஆக்க மெனக்கெட வேண்டாம். கடைசிச் சோதனை, ஒருவர் வண்டியில் போக ஒருவர் வீட்டிலிருந்து கேட்பதுதான்.

கையடக்க வாக்கி-டாக்கியை வண்டிக்குள் வைத்துப் பேசுபவர்களுக்கும் ஒரு சொல். வண்டியின் உடல் ஓர் உலோகக் கூண்டு. கூரை மேல் இருந்தால் உதவும் அதே உலோகம், உள்ளே இருந்து பேசும்போது குரலைத் தடுக்கும். வெளி ஆண்டெனா இணைக்கக்கூடிய கருவியாக இருந்தால் கூரையில் ஒரு காந்த அடி வையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

1. ஆண்டெனாவின் காலடியில் உலோகம் இருக்கிறதா? 477-க்கு எல்லாப் பக்கமும் குறைந்தது 16 சென்டிமீட்டர்.

2. முதல் தேர்வு கூரையின் நடு. முடியாவிட்டால் பானட் ஓரம். ஃபைபர், கண்ணாடி, பிளாஸ்டிக் மேல் சாதாரணக் கம்பி வேண்டாம்.

3. கேபிளைத் தொட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். எண் மாறுகிறதா? மாறினால் தரை சரியில்லை. 27-க்கான மீட்டரை 477-இல் பயன்படுத்தினால் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

4. 27 மெகாஹெர்ட்ஸில் 1, 20, 40 ஆகிய மூன்று சேனல்களிலும் அளந்து பாருங்கள். 1-இல் எண் அதிகமென்றால் கம்பி குட்டை. 40-இல் அதிகமென்றால் கம்பி நீளம். மூன்றிலும் 3-க்கு மேல் என்றால் கம்பியை வெட்டாதீர்கள், முதலில் தரையையும் கேபிளையும் பாருங்கள்.

5. ஆண்டெனா இணைக்காமல் பேசும் பொத்தானை அழுத்தவே கூடாது. கருவி கெட்டுவிடும்.

6. கூரையில் காந்த அடி வைத்த பிறகு, தாழ்வான கார் நிறுத்துமிடங்களில் நுழையும் முன் ஆண்டெனாவைக் கழற்றிவிடுங்கள்.

7. ஓட்டுநர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் பேசட்டும்.

8. எல்லை தாண்டினால் விதி மாறும். தாய்லாந்தில் பொதுமக்கள் அலைவரிசை 245 மெகாஹெர்ட்ஸ். ஹட்யாய் பயணத்தில் நம் 477 கருவியை எடுத்துப் பேசினால் சிக்கல் வரலாம்.

9. எவ்வளவு நல்ல ஆண்டெனாவாக இருந்தாலும் மலை குறுக்கே வந்தால் குரல் நிற்கும். ‘இத்தனை நிமிடம் பதில் இல்லையென்றால் முன்வண்டி நிற்கும்’ என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்குப் பெரிய பாடம். அன்று நாங்கள் பதினான்கு கிலோமீட்டர் போனதற்கு ஆண்டெனா மட்டும் காரணமல்ல. பதில் வராதபோதே நின்றிருக்க வேண்டும். ‘பின்னால்தான் வருவார்கள்’ என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே சாலை, அதே மூன்று வண்டிகள். பிக்கப்பின் கூரை நடுவில் அந்தச் சிறிய கம்பி ஆடிக்கொண்டு வந்தது. அத்தையின் கேக் தட்டு சமையலறைக்குத் திரும்பிவிட்டது. அதில் சுட்ட பழக் கேக் ஒரு துண்டு என் மடியில் இருந்தது. சாப்பாட்டுக் கூடையைக் கேட்டு வாங்கி அம்மா தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பண்டிங் தீவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கேட்டேன். “பின்னாடி வர்றீங்களா?”

இந்த முறை மாமா பேசவில்லை. ஒலிவாங்கியை யார் பிடுங்கிக்கொண்டார் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது.

“வர்றோம், வர்றோம். நீ முன்னாடி பார்த்து ஓட்டு.”

நிலையத்தில் இத்தனை ஆண்டுகளில் எவ்வளவோ குரல்களை ஒலியேற்றியிருக்கிறேன். அவ்வளவு தெளிவாக எதுவும் கேட்டதில்லை.